எபனேசர் அண்ணாச்சியும் மேக்னெட்டோவின் ‘டக்’கும்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பதினேழு டிகிரி. மெல்லிய பனிமூட்டம், காற்று அறவே இல்லை. சிகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு டிராக்டர், பதினான்கு ஸ்பேனர்கள். பதினைந்து இருக்க வேண்டும். ஒன்றைக் காணவில்லை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

குஷாய்குடாவில் பழைய எஞ்சின்களைப் பொழுதுபோக்காகச் சரிசெய்யும் நம் பட்டறைக்கு இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் ஒன்பது பேருக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஏழு பேர் கணினி வேலையில் இருப்பவர்கள், ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் என்ன வேலை என்று இதுவரை சொல்லவில்லை. பழைய எஞ்சினுக்கு டைமிங் வைப்பது, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது எப்படி என்று மூன்று பேர் என்னிடம் தனித்தனியாகக் கேட்டீர்கள். அதன் படிகள் அலமாரியில் உள்ள கையேட்டில், நான்காம் பக்கத்தில் இருக்கின்றன. அதில் இல்லாததை நான் சொல்கிறேன்.

அந்த டிராக்டர் ஒரு மிஷன் பண்ணையிலிருந்து சபைக்கு வந்தது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ரகம், நான்கு சிலிண்டர், பேட்டரி கிடையாது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு வேலை. அறுப்பின் பண்டிகையன்று சபையார் கொண்டுவரும் பூசணி, வாழைத்தார், கரும்பு, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றிய வண்டியை வெளி வாசலிலிருந்து ஆலயப் படி வரை இழுத்து வரும். நூற்று எழுபது மீட்டர். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள்.

இருபத்தாறு பண்டிகைகளில் அதை ஓட்டியவர் எபனேசர் அண்ணாச்சி. ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு மல்காஜ்கிரியில். அவருடைய தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பார், வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார், மற்றதெல்லாம் தமிழ். அன்று அவருக்கு எழுபத்தொன்பது வயது. எனக்கு எழுபத்து நான்கு.

முந்தின வருடம் எஞ்சின் கிளம்பவில்லை. ஒரு சரக்கு ஆட்டோ பிடித்துப் பூசணிகளை ஏற்றி வந்தார்கள். அண்ணாச்சி அந்த ஆட்டோவுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு நடந்து வந்தார். அதைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வருடம் சபைச் செயலாளர் செல்வின் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் ஒரு வங்கி அதிகாரி, நல்ல மனிதர், எதையும் இரண்டு நிபந்தனைகளோடுதான் சொல்வார்.

“அங்கிள், வண்டி ஸ்டார்ட் ஆனா நீங்கதான் ஓட்டணும். ஆகலைன்னா பெயின்ட் அடிச்சு கேட் பக்கத்துல மேடை கட்டி நிறுத்திடலாம்னு கமிட்டி சொல்லுது. இன்னொண்ணு, சுத்தி சின்னப் பிள்ளைங்க நடப்பாங்க. கண்ணு, காது எல்லாம் சரியா இருக்குல்ல உங்களுக்கு?”

“ஹவ்,” என்றார் அண்ணாச்சி.

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஓடும் எஞ்சினுக்குத் தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழ வேண்டும், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே. கையால் மெதுவாகச் சுற்றிக் கிளப்பும்போது அப்படி விழக் கூடாது. விழுந்தால் வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே தள்ளும், ஹேண்டில் திரும்பி உங்கள் கையை அடிக்கும். அதனால் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்குள் ஒரு ஸ்பிரிங் ஏற்பாடு இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அது பொறியைப் பிடித்து வைத்திருந்து, பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு விடும். விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். ஒரு சுற்றுக்கு இரண்டு. அந்த டக் வந்தால் கை பத்திரம்.

எங்கள் வேலைப் பிரிவினை இதுதான்: பிஸ்டன் இருக்கும் இடத்தைக் காட்டும் பிளைவீல் குறியை நான் பார்ப்பேன், டக்கை அவர் கேட்பார். பதினொரு வருடப் பழக்கம். நான் கண், அவர் காது என்று சபையில் கேலி செய்வார்கள். அந்த வாரம் மேக்னெட்டோவைக் கழற்றி, அதன் காயிலை (கம்பிச் சுருளை) புதிதாகச் சுற்றக் கொடுத்து வாங்கி, சனிக்கிழமை மாட்டியிருந்தோம். ஞாயிறு காலை டைமிங் வைத்து முடித்தேன். பிளக் வயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளைவீலைக் கம்பியால் மெதுவாகத் திருப்பினேன். ஆலயத்தில் யாரோ மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி எங்கள் தகரக் கூரையை நோக்கித்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, டக் வருதா?”

தலையாட்டினார். “ஹவ்.”

எதையும் இரண்டு முறை கேட்பது என் வழக்கம். இன்னும் இரண்டு சுற்று திருப்பிவிட்டுக் கேட்டேன். “வருதுல்லா?”

“ஹவ், ஹவ்.”

வயர்களை மாட்டினேன். அவரைவிட ஐந்து வயது இளையவன் என்ற கணக்கில் ஹேண்டிலை நான் பிடித்தேன். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுத்தேன். எல்லாம் முறைப்படிதான். முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு தும்மல். மூன்றாவது இழுப்பில் ஹேண்டில் திரும்பி வந்தது.

எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது, மைக் சோதனையையும் மீறி. வலது கை, மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே. நேரம் ஏழு பதினேழு.

கொஞ்சம் இங்கே நிறுத்தி வேறொன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்தது மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில். சேர்ந்த முதல் வருடத்தில் எனக்கு மேலே ஓர் அம்மா இருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் நான் பக்கத்து மேசை ஆளிடம் “வோல்டேஜ் சரியா?” என்று கேட்டு, அவர் “சரி” என்றதும் பதினான்கு மீட்டர்களை இணைத்துவிட்டேன். பதினான்கும் புகைந்தன. அந்த அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை. “சரியான்னு கேட்டா எல்லாரும் சரின்னுதான்ப்பா சொல்லுவாங்க. எவ்வளவுன்னு கேளு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த முப்பது வருடம் நான் எவ்வளவு என்றுதான் கேட்டேன், வேலையிடத்தில். ஓய்வு பெற்ற பிறகு அது எப்படியோ இரண்டு முறை கேட்கிற பழக்கமாகச் சுருங்கிவிட்டது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் ஒரே தலையாட்டல் இரண்டு முறை கிடைக்கும். நான் கேட்டிருக்க வேண்டியது, எத்தனை டக்?

அண்ணாச்சி என்னைத் தூக்கி மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார வைத்தார். கொட்டகை அலமாரியில் கிடந்த அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகத்தைக் கைக்கு அடியில் கொடுத்து, என் மப்ளரால் சுற்றிக் கட்டினார். ரயில்வேக்காரர், கட்டு நன்றாகத்தான் போட்டார். விரல்களை ஆட்டச் சொன்னார். ஐந்தும் ஆடின. அதன் பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“தம்பி, எனக்குக் கேக்கலை.”

“எது கேக்கலை?”

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பல விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. மூன்று மாதமாகக் கூட்டங்களில் என் வலது பக்கத்திலேயே உட்கார்ந்தது. போன் எடுக்காமல் விட்டுவிட்டு நேரில் வந்தது. சம்பந்தமில்லாத இடத்தில் வந்த ‘ஹவ்’. அப்படி ஏழு ‘ஹவ்’களை நான் எண்ணி வைத்திருந்தேன். எண்ணினேனே தவிர, என்ன அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக் கேட்காமல் இருந்தேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

“டக் கேக்கலை. ஈஸ்டர் சமயத்துல வலது காது போச்சு. மழைக்காலத்துல இன்னொண்ணும் போய்ட்டிருக்கு.”

“ஏன் சொல்லலை?” நேராகப் பார்த்து, வாயைத் திறந்து கேட்டேன்.

“சொன்னா செல்வின் என்னை சீட்ல உக்கார விடுவானா? ஒரே ஒரு தடவை தம்பி. இந்த வருஷம் ஓட்டிட்டு விட்டுடலாம்னு பாத்தேன். இப்ப உன் கையை உடைச்சுட்டேன்.” எழுந்துகொண்டே, “வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். வண்டி நக்கோ,” என்றார்.

இந்த இடத்தில் நான் எடுத்த முடிவு சரி என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. ஊர்வலம் ஒன்பது மணிக்கு. கையில் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. விரல்கள் ஆடுகின்றன, நிறம் மாறவில்லை, வலி தாங்கும் அளவில் இருக்கிறது என்று பார்த்தேன். போனால் எனக்குச் சீக்கிரம் கட்டுப் போடுவார்கள், அவருக்கு டிராக்டர் மேடை ஏறிவிடும். இருந்து முடித்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தேன். எலும்பு என்னுடையது என்பதால் அந்த உரிமை எனக்கு இருந்தது. பிள்ளைகள் விஷயத்தில் அந்த உரிமை இல்லை, அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

“மேக்னெட்டோவைக் கழத்துங்க அண்ணாச்சி,” என்றேன்.

கழற்றிப் பார்த்தால், காயில் சுற்றிய கடையில் யாரோ அன்பாக அந்த ஸ்பிரிங் ஏற்பாட்டுக்குள் கெட்டிக் கிரீஸை அடைத்து வைத்திருந்தார்கள். பொறியைப் பிடித்து வைக்கும் நாக்குகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. அண்ணாச்சி பெட்ரோல் ஊற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவினார். திரும்ப மாட்டி டைமிங் வைக்க வேண்டும். அதற்கு மேக்னெட்டோவுக்குள் தொட்டுப் பிரியும் இரண்டு உலோக முனைகளுக்கு, பாயின்ட்டுகளுக்கு, நடுவில் மெல்லிய தாளை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருப்பது வழக்கம். பாயின்ட் பிரியும் கணத்தில் தாள் விடுபடும், அதுதான் பொறி விழும் இடம். எப்போதும் அதை நான்தான் செய்வேன், என் விரல் நுணுக்கமானது என்று எனக்கு ஒரு நினைப்பு. அன்று என்னிடம் இருந்தது இடது கை மட்டும். அதனால் பிளைவீல் கம்பியை நான் பிடித்தேன், தாளை அவர் பிடித்தார். மிட்டாய் சுற்றிய தாள்.

“விட்டுச்சு,” என்றார். குறியைப் பார்த்தேன். முடியளவு கூடத் தள்ளவில்லை. திரும்பவும் செய்தோம். “விட்டுச்சு.” அதே இடம். மூன்றாவது முறையும் அதே இடம். பதினொரு வருடமாக இந்த விரல்களை நான் சும்மா வைத்திருந்திருக்கிறேன்.

அடுத்தது டக். கேட்க முடியாதவரிடம் கேட்டு என்ன பயன்? மேக்னெட்டோ உடம்பின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன்.

“டக் வந்தா சொல்லாதீங்க. இன்னொரு கையில ஒரு விரலைத் தூக்குங்க.”

“கைக்கு இந்த விளையாட்டு?” என்று கேட்டார். ஏன் என்று அர்த்தம்.

“சொன்னதைச் செய்யுங்க அண்ணாச்சி. கை வலிக்கு எனக்கு.”

திருப்பினேன். அரைச் சுற்றில் ஒரு விரல் எழுந்தது. முழுச் சுற்றில் இன்னொன்று. ஒலிபெருக்கியில் யாரோ “ஒன், டூ, த்ரீ” என்று சொல்லிக்கொண்டிருக்க, இங்கே அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களைத் தூக்கினார். பத்துச் சுற்று திருப்பினேன், எனக்குத் திருப்தி வரும் வரை. இருபது முறை தூக்க வேண்டும், இருபது முறை தூக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஹேண்டிலை அவர் போட்டார். நான் எட்டடி தள்ளி நின்று, அவர் தோள்பட்டை, வயது, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்பட்டேன். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் பானெட்டின் மேல் கையை வைத்து, அது ஓடுவதைக் கையால் பார்த்தார். எட்டு இருபத்திரண்டு.

சத்தம் கேட்டுச் செல்வின் ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார்.

“என்னாச்சு அங்கிள்?”

“ஹேண்டில் திருப்பி அடிச்சிட்டு. நான்தான் சரியாப் பாக்கலை,” என்றேன். அது பொய் இல்லை. “செல்வின், பிள்ளைங்களைப் பாடகர் குழுவோட முன்னால அனுப்பிடு. டிராக்டருக்கும் அவங்களுக்கும் இருபது அடி இருக்கணும். வண்டிப் பக்கத்துல ஒருத்தரும் வரக் கூடாது. நான் மட்கார்டுல உக்காந்து வாரேன்.”

“உடைஞ்ச கையோடயா?”

“இன்னொரு கை இருக்குல்லா.”

அந்த இன்னொரு கையை அண்ணாச்சியின் தோளில் வைத்துக்கொண்டேன். ஒரு முறை அழுத்தினால் நிறுத்து என்று பேசி வைத்திருந்தோம். முதல் நூறு மீட்டர் நன்றாகப் போயிற்று. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, கழுத்தின் பின்பக்கம்தான் தெரிந்தது. நரைமுடியைப் பண்டிகைக்கென்று வெட்டி வந்திருந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே ஓட்டினார்.

சமையல் கூடத் திருப்பத்தில், பிரியாணி அண்டா இறக்க வந்த சரக்கு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தபடியே பின்னோக்கி வந்தது. நான் தோளை அழுத்தினேன். அழுத்தியது போதாதோ என்று நகம் பதியப் பிடித்தேன். உடனே நிறுத்திவிட்டார். ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை நீளம். ஆட்டோவின் பின்பக்கம் அண்டா, அதற்குப் பக்கத்தில் இறங்கி நின்ற ஒரு பெண். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆட்டோக்காரரைத் தெலுங்கில் திட்டினாள்.

அண்ணாச்சி அந்த ஹாரனைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். ஆட்டோக்காரரின் விரல் அதன் மேல் அழுந்தியே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கிளப்பி, ஆலயப் படியில் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டீயரிங்கில் இருந்த கையை எடுக்கவில்லை. அவரே எடுக்கட்டும் என்று நானும் இறங்காமல் இருந்தேன்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. பூசணி, கோழி, கேக் எல்லாம் போய், மேசையில் கடைசியாக ஒரு பொருள் இருந்தது. டிராக்டரின் ஹேண்டில். துடைத்து, எண்ணெய் தடவி, வாழைத்தாருக்கும் கரும்புக்கும் நடுவே யாரோ வைத்திருந்தார்கள். காணிக்கை மேசையில் வைத்ததைத் திரும்ப எடுப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. செல்வின் அதைக் கையில் எடுத்துக்கொண்டு விழித்தார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் நினைத்ததைவிடச் சத்தமாகப் பேசினார்.

“செல்வின், அது நான் வச்சது. எனக்கு ரெண்டு காதும் கேக்கலை. காலையில தம்பி கை உடைஞ்சது என்னாலதான். உங்கிட்ட ஹவ்னு சொன்னது பொய். அடுத்த வருஷம் வேற யாராவது ஓட்டட்டும்.” உட்கார்ந்துவிட்டார்.

செல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நூறு ரூபாய்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு கைக்கு இருநூறு ஏறும்,” என்றார். ஹப்சிகுடாவில் புதுப் பிளாட் வாங்கிய ஒருவர் அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டலாம் என்று பக்கத்து ஆளிடம் சொல்வது என் காதில் விழுந்தது. அந்த ஹேண்டில் போனால் அந்த அளவில் இன்னொன்று கிடைக்காது. நான் இடது கையைத் தூக்கினேன்.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். வேண்டாம், நக்கோ என்று எனக்குக் கையை ஆட்டினார்.

“முந்நூறு, எபனேசர் அங்கிள்,” என்றார் செல்வின்.

நான் கையைத் தூக்கினேன். அவர் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். “எழுநூறு, எபனேசர் அங்கிள்.” பின்வரிசையில் சிரிப்பு தொடங்கியது. பெண்கள் பக்கமிருந்து என் மனைவி, “உள்ள கையையும் உடைச்சுக்கிடாதீங்க,” என்றாள். அண்ணாச்சிக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் அவர் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறேன் என்ற கோபத்தில், ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று ஆட்டினார். செல்வின் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சேர்த்தார். சிரிப்பில் ஹப்சிகுடாக்காரர் தன் கையைத் தூக்க மறந்தே போனார். நான் பன்னிரண்டு முறை தூக்கினேன், அண்ணாச்சி பதினொரு முறை ஆட்டினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து விஷயத்தைச் சொன்ன பிறகுதான் ஏலம் நின்றது.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். “கைக்கு தம்பி? நான் ஓட்டப் போறதில்லையே.”

எதிரே நின்று, நிதானமாகச் சொன்னேன். “ஓட்ட வேண்டாம். டைமிங் வைக்க வாங்க. தாள் பிடிக்க ஆள் வேணும்.”

என் கையைக் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்து இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, ஆட்டோ கூப்பிடப் போனார்.

நம் பட்டறையில் மேக்னெட்டோ மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாரே, ஜெபம் பண்ணுகிறார் என்று உங்களில் இரண்டு பேர் விலகிப் போனீர்களே, அவர்தான் எபனேசர் அண்ணாச்சி. இப்போது இடது காதில் கருவி போட்டிருக்கிறார், பாதி கேட்கும். அவரிடம் பேசும்போது எதிரில் நின்று பேசுங்கள். சரியா என்று கேட்காதீர்கள், எத்தனை என்று கேளுங்கள். தலையாட்டினால் விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும், எழுதச் சொன்னவரும் அவர்தான். அவர் தாளைப் பிடித்து வைத்த டைமிங் இதுவரை ஆறு எஞ்சின்களில் ஒன்றிலும் தவறவில்லை.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. தாமதத்தில் வீக்கம் ஏறி எலும்பும் நகர்ந்துவிட்டது, வெறும் மாவுக்கட்டு போதாது என்று பிளேட் வைத்தார்கள். இன்சூரன்ஸ் போக நான் கட்டியது நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது. பிசியோதெரபி பன்னிரண்டு முறை, நாலாயிரத்து எண்ணூறு. ஹேண்டில், நாலாயிரத்து ஐந்நூறு. அதில் இரண்டாயிரத்து இருநூறு அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டியதில் ஏறியது. ஆக மொத்தம், ஐம்பதாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.